ஆசியன் ஹேண்டிகேப்: ஒரே ஆட்டம், ஒரே 1-0, ஆளுக்கொரு கணக்கா?

நள்ளிரவுஆட்டம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கால்பந்து பல வருடமாகப் பார்க்கிறேன், ஆஃப்சைடு விதியை யாருக்கு வேண்டுமானாலும் விளக்கிவிடுவேன், ஆனால் இந்த ஹேண்டிகேப் பந்தயக் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. நான் பணம் கட்டுகிற ஆள் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஆட்ஸ் (ஜெயித்தால் போட்ட ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்பும் என்ற எண்) பட்டியலைப் பார்த்தால் எந்த அணியை எவ்வளவு பலமாக மதிக்கிறார்கள் என்று புரியும் என ஒருவர் சொன்னதால் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் -0.75, +1.25, "0, -0.5" என்று ஒரே எண் மழை. முக்கால் கோல் எப்படி ஐயா அடிப்பார்கள்?

எங்கே குழம்புகிறேன் என்பதை ஒரு ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், இஸ்தான்புல், மான்செஸ்டர் சிட்டி 1, இன்டர் மிலான் 0, 68ஆவது நிமிடத்தில் ரோட்ரி அடித்த கோல். சிட்டி ஜெயித்தது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் சிட்டி -0.5 எடுத்தவருக்கு முழு வெற்றியாம், -1 எடுத்தவருக்குப் போட்ட காசு அப்படியே திரும்புமாம், -1.25 எடுத்தவருக்குப் பாதிக் காசு போய்விடுமாம். ஜெயித்த அணி மேல் கட்டியவன் எப்படித் தோற்பான், அதுவும் பாதி மட்டும்?

இதோடு இன்னும் இரண்டு சந்தேகம். சில இடங்களில் ஹேண்டிகேப் என்ற பெயரிலேயே டிராவுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள், அது வேறா இதுவா? அப்புறம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது 2-0 என்று முன்னிலையில் இருக்கிற அணிக்குப் பக்கத்தில் -0.25 என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு கோல் கையில் இருக்கும்போது அதில் கால் கோலைக் கழித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது, அது சும்மா கிடைக்கிற காசு இல்லையா? அப்படி ஒரு தர்மசாலையை புக்கிகள் நடத்த மாட்டார்கள் என்று மட்டும் தெரியும். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

எண்கணக்கன் பதில்:

முக்கால் கோல் யாரும் அடிப்பதில்லை, கவலை வேண்டாம். ஆட்டம் முடிந்து ஸ்கோர் வந்த பிறகு, நீங்கள் எடுத்த அணியின் கோல் எண்ணிக்கையில் அந்த எண்ணைக் கூட்டியோ கழித்தோ பார்ப்பதுதான் ஹேண்டிகேப். பலமான அணியும் சாதாரண அணியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் விடை தெரியும், ஆட்ஸும் 1.15 என்று அடிமட்டத்தில் கிடக்கும். அதனால் கேள்வியையே "எத்தனை கோல் வித்தியாசத்தில்?" என்று மாற்றிவிடுகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் சின்னப் பையனைப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டு விசில் ஊதுவது போல.

எண்களில் மூன்று ஜாதி உண்டு. அரையில் முடிகிறவை (0.5, 1.5, 2.5) சுலபம், அதில் சமம் என்ற பேச்சே வராது. -0.5 என்றால் அணி ஜெயித்தாக வேண்டும், +0.5 என்றால் தோற்காமல் இருந்தால் போதும். முழு எண்களில் (0, 1, 2) கழித்த பிறகு சமமாக வந்தால் பந்தயம் ரத்து, போட்ட காசு திரும்பும். சிட்டி 1-0, அதில் ஒன்றைக் கழித்தால் 0-0, ஆகவே -1 எடுத்தவருக்குக் காசு வாபஸ். வெறும் 0 என்று இருந்தால் டிரா ஆனால் வாபஸ் என்று அர்த்தம்.

உங்களைக் குழப்புவது மூன்றாவது ஜாதி, காலிலும் முக்காலிலும் முடிகிறவை. இது ஒரு பந்தயமே இல்லை, இரண்டு பந்தயம். நீங்கள் போடும் காசு சரிபாதியாகப் பிரிந்து, அந்த எண்ணுக்குக் கால் மேலே உள்ள லைனுக்கும் (லைன் என்றால் இந்த ஹேண்டிகேப் எண்தான்) கால் கீழே உள்ள லைனுக்கும் போகும். -0.75 என்றால் பாதி -0.5க்கு, பாதி -1க்கு. -1.25 என்றால் பாதி -1க்கு, பாதி -1.5க்கு. -0.25 என்றால் பாதி 0க்கு, பாதி -0.5க்கு. நீங்கள் பார்த்த "0, -0.5" என்பது இந்த -0.25தான், சில தளங்கள் பிரித்தே எழுதிவிடும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒவ்வொரு பாதியையும் தனியாகத் தீர்த்துவிட்டுக் கூட்டினால் முடிந்தது.

சிட்டி ஆட்டத்தையே எடுப்போம். அன்றைய நிஜ ஆட்ஸ் வேறாக இருந்திருக்கும், இது கணக்குக்காக நான் போட்டுக்கொண்ட எண்கள். ஆளுக்கு 100 போட்ட ஐந்து பேர் என்று வையுங்கள்.

-0.5, ஆட்ஸ் 1.62: முழு வெற்றி, கையில் 162.
-0.75, ஆட்ஸ் 1.78: -0.5 பாதி ஜெயித்து 89, -1 பாதி திரும்பி 50, ஆக 139.
-1, ஆட்ஸ் 2.02: காசு வாபஸ், 100.
-1.25, ஆட்ஸ் 2.30: -1 பாதி திரும்பி 50, -1.5 பாதி போச்சு, ஆக 50.
-1.5, ஆட்ஸ் 2.58: பூஜ்யம்.

ஐந்து பேரும் சிட்டி ஜெயிக்கும் என்று சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. எதிர்ப் பக்கம் இது அப்படியே தலைகீழ். இன்டர் +0.75 எடுத்தவருக்குப் பாதி தோல்வி, இன்டர் +1.25 எடுத்தவருக்குப் பாதி வெற்றி.

இவ்வளவு பொடிப்பொடியாகப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கால்பந்தில் கோல் குறைவு, 1-0, 2-1 என்று ஒரே கோலில் முடிகிற வெற்றிகள் ரொம்ப சகஜம். அதனால் -0.5இல் இருந்து -1.5க்குத் தாவினால் ஆட்ஸ் 1.62இல் இருந்து 2.58க்கு எகிறிவிடுகிறது. நடுவில் கால் லைன்கள் இருந்தால்தான் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 1.90, 1.90 என்று வருகிற இடத்தை புக்கி பிடிக்க முடியும். கூடைப்பந்து மாதிரி புள்ளிகள் கொட்டுகிற ஆட்டத்தில் இந்தத் தேவையே இல்லை, அங்கே அரைப் புள்ளியிலேயே வேலை முடிந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது பலத்தை அளப்பதுதானே? அப்படியானால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஆட்ஸ் இருக்கிற லைன் எது என்று தேடுங்கள். அது 0 என்றால் சரிக்குச் சமம், -0.25 என்றால் ஒரு நூல் மேலே, -1 தாண்டினால் நல்ல ஏற்றத்தாழ்வு, -2 பக்கம் போனால் ஆட்டம் ஒருதலையாக இருக்கும் என்று சந்தை நினைக்கிறது. லைனை மட்டும் பார்த்துவிட்டு ஆட்ஸைப் பார்க்காமல் விடக் கூடாது. -0.75, 1.72 என்பதும் -0.75, 2.12 என்பதும் வேறு வேறு அபிப்பிராயம்.

சைடுபெஞ்ச் பதில்:

எண்கணக்கன் சொன்னது சரி, என் பங்குக்கு ஒன்று. இவ்வளவு தெரிந்த பிறகு எப்போதும் கால் லைன்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. -0.75 எடுத்தால் ஒரு கோலில் ஜெயித்தாலும் லாபம், இரண்டு கோலில் ஜெயித்தால் முழு லாபம். +0.25 எடுத்தால் டிரா ஆனாலும் பாதி ஜெயிக்கும். -1.5 எடுத்துவிட்டு 90ஆவது நிமிடம் வரை இரண்டாவது கோலுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. பாதி திரும்பி வருவது இலவச இன்சூரன்ஸ் மாதிரி.

எண்கணக்கன் பதில்:

@சைடுபெஞ்ச், இலவசம் என்ற இடத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நகம் கடிப்பது குறையும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிம்மதிக்கு ஆட்ஸில் ஏற்கெனவே விலை பிடித்துவிட்டார்கள்.

மேலே போட்ட அதே ஆட்ஸை வைத்துக்கொள்வோம். பலமான அணி ஒன்று இதே மாதிரி நூறு ஆட்டம் ஆடுகிறது. 37இல் இரண்டு கோலோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயிக்கிறது, 23இல் சரியாக ஒரு கோலில், மீதி 40இல் ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 100, மொத்தம் 10,000 போடுகிறீர்கள். -0.5 எடுத்தால் 60 தடவை 162, ஆக 9,720 திரும்பும். உங்கள் -0.75 எடுத்தால் 37 தடவை 178, 23 தடவை 139, மொத்தம் 9,783. -1 எடுத்தால் 9,774. -1.25 எடுத்தால் 9,660. -1.5 எடுத்தால் 9,546. எதை எடுத்தாலும் பத்தாயிரத்தைத் தொடவில்லை பாருங்கள். பாதுகாப்பான லைன், ஆபத்தான லைன் என்றெல்லாம் பேசுவது எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதைப் பற்றித்தான். லாபம் வருமா என்பது, அந்த 37, 23, 40 என்ற எண்களை ஆட்ஸ் போட்டவரைவிட நீங்கள் துல்லியமாகக் கணிக்கிறீர்களா என்பதில் இருக்கிறது. நூறில் 37 இல்லை, 42 தடவை இரண்டு கோலில் ஜெயிக்கிற அணி என்று உங்களுக்குச் சரியான காரணத்தோடு தெரிந்தால் அப்போது -1.5தான் நல்ல பந்தயம், நகம் போனாலும்.

அந்த இடைவெளி எங்கே போகிறது என்று கேட்டால், புக்கியின் பங்கு. இரண்டு பக்கமும் 1.90 என்று இருக்கிற லைனில் ஒருவர் இந்தப் பக்கம் 100, இன்னொருவர் அந்தப் பக்கம் 100 போட்டால் உள்ளே வந்தது 200, வெளியே போவது 190. யார் ஜெயித்தாலும் 10 கடைக்கு. அந்த ஆட்ஸில் கை நஷ்டம் இல்லாமல் இருக்கவே நூற்றுக்கு 52.6 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். 1.95 கிடைத்தால் 51.3 போதும். ஐந்து பைசா வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்பவனுக்கு 50தான் வரும் என்பதை வைத்துப் பார்த்தால் அது பாதித் தூரம்.

ஆஃப்சைடு_ட்ராப் பதில்:

ஆட்டம் ஓடும்போது வருகிற லைனைப் பற்றி யாரும் தொடவில்லையே, நான் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் இடறி விழுகிற இடம் அதுதான்.

ஆசியன் ஹேண்டிகேப்பில், ஆட்டம் நடக்கும்போது பந்தயம் எடுத்தால், நீங்கள் எடுத்த நொடியில் இருந்து ஸ்கோர் 0-0 என்று கணக்கு ஆரம்பிக்கிறது. அதற்கு முன் விழுந்த கோல்கள் எதுவும் உங்கள் பந்தயத்தில் சேராது. பந்தயச் சீட்டில் அப்போதைய ஸ்கோரை அடைப்புக்குள் போட்டிருப்பார்கள், அது முடிவில் கழித்துக்கொள்வதற்காக. ஆகவே 2-0 முன்னிலையில் இருக்கிற அணிக்கு -0.25 என்றால், மிச்சமிருக்கும் நேரத்தில் அந்த அணி எதிரணியைவிட அதிக கோல் அடிக்க வேண்டும் என்று பொருள். தர்மசாலை மூடிவிட்டது.

இதற்கு 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. லுசைல் மைதானம், இடைவேளையில் அர்ஜென்டினா 2, பிரான்ஸ் 0. மெஸ்ஸி பெனால்டி, பிறகு டி மரியா. பிரான்ஸ் அதுவரை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் டிவியை அணைத்திருப்பார்கள். அந்த இடைவேளையில் இரண்டு பேர் பந்தயம் எடுத்தார்கள் என்று வையுங்கள். ஒருவர் அர்ஜென்டினா -0.25, "ரெண்டு கோல் இருக்கே" என்ற தைரியத்தில். இன்னொருவர் பிரான்ஸ் 0. எம்பாப்பே 80ஆவது நிமிடத்தில் ஒன்று, 81ஆவது நிமிடத்தில் ஒன்று. 90 நிமிடம் முடிவில் 2-2. இடைவேளைக்குப் பிறகு விழுந்த கோல்களை மட்டும் எண்ணினால் பிரான்ஸ் 2, அர்ஜென்டினா 0. பிரான்ஸ் 0 முழு வெற்றி, அர்ஜென்டினா -0.25 முழுத் தோல்வி, பாதி கூட இல்லை. அன்று இரவு கோப்பையைத் தூக்கியது அர்ஜென்டினா, ஆனால் அந்தப் பந்தயச் சீட்டு 90 நிமிடத்திலேயே செத்துவிட்டது.

அதிலேயே அடுத்த விஷயமும் வந்துவிட்டது. தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய எல்லாக் கணக்கும் 90 நிமிடமும் ரெஃப்ரி சேர்க்கிற ஸ்டாப்பேஜ் டைமும் மட்டும்தான். எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி ஷூட் அவுட் கணக்கில் வராது. ஆகவே ஆட்டத்துக்கு முன்பே அர்ஜென்டினா 0 எடுத்தவருக்குக் காசு வாபஸ், அர்ஜென்டினா -0.5 எடுத்தவருக்குத் தோல்வி. நாக் அவுட் ஆட்டங்களில் வருகிற சண்டைகளில் பாதி இந்த ஒரு விதியால்தான்.

ஒன்று கவனியுங்கள், 0-0 ஆகத் திரும்ப ஆரம்பிப்பது ஆசியன் ஹேண்டிகேப்புக்கு மட்டும். மொத்த கோல் எத்தனை என்கிற ஓவர் அண்டர் பந்தயத்தை நடுவில் எடுத்தால் ஏற்கெனவே விழுந்த கோலும் சேரும். ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதமான கணக்கு, எவன் யோசித்தானோ.

நள்ளிரவுஆட்டம்:

அருமை. அந்த 0-0 விஷயம் யாரும் சொல்லாமல் போயிருந்தால் நான் சாகும்வரை அது இலவசக் காசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். டிராவுக்கு ஒரு கட்டம் இருக்கிற ஹேண்டிகேப் பற்றி மட்டும் யாராவது சொல்லிவிடுங்கள்.

எண்கணக்கன் பதில்:

அது யூரோப்பியன் ஹேண்டிகேப், மூன்று வழி ஹேண்டிகேப் என்றும் சொல்வார்கள். முழு எண் மட்டும்தான் வரும், வாபஸ் என்ற பேச்சே கிடையாது. பலமான அணிக்கு -1 என்றால், இரண்டு கோலோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயித்தால் அணி வெற்றி, சரியாக ஒரு கோலில் ஜெயித்தால் "ஹேண்டிகேப் டிரா", மற்றதெல்லாம் எதிரணி. சிட்டி 1-0 ஆட்டத்தில் இங்கே -1 எடுத்தவருக்கு மொத்தமும் போச்சு, டிரா கட்டத்தில் போட்டவர் சிரித்திருப்பார். ஆசியனில் அதே -1க்குக் காசு திரும்பியது என்பதை மறக்காதீர்கள், எழுத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆட்டம் நடக்கும்போது இதை எடுத்தால் பெரும்பாலும் முழு ஆட்ட ஸ்கோர்தான் கணக்கு, ஆனால் விதிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் மூன்று வழி -1இல் அணி வெற்றி என்பதும் ஆசியன் -1.5 என்பதும் அச்சு அசலாக ஒரே பந்தயம். இரண்டிலும் இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும். அதே போல சாதாரணமாக "அணி ஜெயிக்கும்" என்று எடுப்பதும் ஆசியன் -0.5உம் ஒன்றுதான். பெயர் வேறு, பெட்டி வேறு, விலையும் வேறாக இருக்கும். மூன்று கட்டத்துக்கு 2.50, 4.00, 2.35 என்று போட்டிருந்தால் 100ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டிப் பாருங்கள், 40, 25, 42.6 என்று 107.6 வரும். நூறுக்கு மேலே இருப்பதெல்லாம் கடையின் பங்கு. இரண்டு பக்கமும் 1.95 உள்ள ஆசியன் லைனில் அதே கூட்டல் 102.6தான் வரும். ஆகவே ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் விலை இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பது முட்டாள்தனம்.

பழையபந்து பதில்:

நான் இந்தக் கணக்கெல்லாம் போடுகிற ஆள் இல்லை, ஆனால் பழைய கதை ஒன்று தெரியும், இங்கே பொருந்தும். தென்கிழக்கு ஆசியாவில் புழங்கிய இந்தப் பந்தயம் எவ்வளவு பெரிய பணத்தைச் சுமந்தது என்பதற்கு 1997இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் அணைந்த விளக்குகளே சாட்சி. நவம்பர் 3, வெஸ்ட் ஹாம், கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம், லாம்பார்டு அடித்து 2-2 என்று சமமாக்கிய கொஞ்ச நேரத்தில் மைதான விளக்குகள் அத்தனையும் அணைந்தன. ஆட்டம் கைவிடப்பட்டது. டிசம்பர் 22, விம்பிள்டன், ஆர்செனல், 0-0, இரண்டாம் பாதி தொடங்கியதும் மறுபடி இருட்டு. மின்சாரக் கோளாறு என்று முதலில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அங்கே ஆசியப் பந்தயங்களில் இடைவேளை தாண்டிவிட்டால் ஆட்டம் நின்றாலும் அப்போதைய ஸ்கோரே முடிவு என்று விதி இருந்தது. தனக்குச் சாதகமான ஸ்கோர் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டால் போதும், ஒரு வீரனுக்கும் லஞ்சம் கொடுக்க வேண்டாம். 1999இல் சார்ல்ட்டன், லிவர்பூல் ஆட்டத்துக்கு முன்பு காவலாளி ஒருவரை விலைக்கு வாங்கி அதே வேலையைச் செய்யப் போனபோது பிடிபட்டார்கள், தண்டனையும் கிடைத்தது.

இப்போது ஆட்டம் பாதியில் நின்றால் என்ன என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் நீளமாக விதி எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே முடிந்துவிட்ட முதல் பாதிப் பந்தயம் போன்றவை தவிர மற்றவை பொதுவாக ரத்து, ஆனால் எத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப ஆடினால் செல்லும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

சைடுபெஞ்ச் பதில்:

சரி எண்கணக்கன், கணக்கில் நான் தோற்றேன். ஆனால் யாருமே ஜெயிக்க முடியாது என்றால் இந்தச் சந்தை ஏன் நடக்கிறது? ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தானே?

எண்கணக்கன் பதில்:

இருக்கிறார்கள், உலகமே அறிந்த ஆட்களும் இருக்கிறார்கள். பிரைட்டன் அணியின் உரிமையாளர் டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்டு உரிமையாளர் மேத்யூ பென்ஹம், இரண்டு பேரும் கால்பந்துப் பந்தயத்தில் பணம் பார்த்துவிட்டு அணி நடத்த வந்தவர்கள். பென்ஹம் முதலில் ப்ளூமிடம் வேலை பார்த்தவர். ஆனால் அவர்கள் கையில் இருந்தது என்ன என்று பாருங்கள்: கணிதம் படித்த ஆட்கள் நிறைந்த கம்பெனி, ஒவ்வொரு ஆட்டத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துத் தரவு சேர்க்கிற ஆட்கள், அந்த 37, 23, 40ஐ ஓரிரு புள்ளி துல்லியமாகச் சொல்கிற மாடல். பெரிய லீக் ஆட்டங்களில் ஆசியன் லைன் அவ்வளவு கூர்மையாக இருப்பதே இப்படிப்பட்டவர்கள் பணம் உள்ளே வருவதால்தான். நீங்களும் நானும் மாலையில் டீம் ஷீட் பார்த்துவிட்டு எடுக்கிற முடிவு அந்த விலையில் ஏற்கெனவே இருக்கிறது.

நாம் தேறுகிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு, காசு போடாமலேயே செய்யலாம். காலையில் பிடித்த லைனையும் ஆட்ஸையும் எழுதி வையுங்கள், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அதே லைன் என்ன விலை என்று பாருங்கள். நீங்கள் 1.95இல் எழுதியது 1.80 ஆகக் குறைந்திருந்தால் சந்தை உங்கள் பக்கம் வந்திருக்கிறது. மாதக்கணக்கில் இப்படி வந்தால் உங்களிடம் ஏதோ இருக்கிறது. விலை பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போனால், அந்த மாதம் லாபமே வந்திருந்தாலும் அது அதிர்ஷ்டம்தான். அப்புறம், உங்கள் நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், பல இடங்களில் அனுமதி இல்லை. விட்ட காசைப் பிடிக்க அடுத்த ஆட்டத்தில் இரட்டிப்பாகப் போடுகிறவர்களுக்கு எந்த லைனும் உதவாது.

ஆஃப்சைடு_ட்ராப் பதில்:

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தெரிவதில்லை. கால் லைனை அக்யுமுலேட்டரில் (பல ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்து அவற்றின் ஆட்ஸைப் பெருக்கும் பந்தயம்) சேர்த்து, அது பாதி ஜெயித்தால் அந்த ஆட்டத்தின் ஆட்ஸ் குறைந்துவிடும். 1.78 என்று எடுத்தது 1.39 என்று பெருக்கப்படும். வாபஸ் ஆனால் 1, பாதி தோற்றால் 0.5. மொத்தத் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தும் முன் இதைப் பாருங்கள். ஆட்ஸ் 0.90 என்றோ -0.90 என்றோ தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், ஹாங்காங் முறையில் 0.90 என்பது நம் 1.90, மலாய் முறையில் -0.90 என்றால் 90 போட்டு 100 லாபம், நம் கணக்கில் 2.11.

நள்ளிரவுஆட்டம்:

எல்லோருக்கும் நன்றி. புரிந்ததா என்று எனக்கே ஒரு பரீட்சை வைத்துக்கொள்கிறேன். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஜெர்மனி 1, அர்ஜென்டினா 0. ஆட்டத்துக்கு முன்பே ஜெர்மனி -0.25இல் 100 போட்டவருக்கு என்ன கிடைத்திருக்கும்? 113ஆவது நிமிடத்தில் கோட்ஸே அடித்தார், ஜெர்மனி ஜெயித்தது, ஆனால் அது எக்ஸ்ட்ரா டைம். 90 நிமிடத்தில் 0-0. ஆகவே 0இல் போன பாதி திரும்பும், -0.5இல் போன பாதி போகும், கையில் 50. சரியா?

ஆஃப்சைடு_ட்ராப் பதில்:

சரி. எதிரே அர்ஜென்டினா +0.25 எடுத்தவர் கோப்பையை இழந்த இரவில் பாதிப் பந்தயம் ஜெயித்திருப்பார். கோட்ஸே கோல் கணக்கில் வர வேண்டுமென்றால் "கோப்பை வெல்லும் அணி" என்ற தனிக் கட்டத்தில்தான் போட்டிருக்க வேண்டும், அதில் எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டியும் சேரும்.